எத்தனை வாட் வேண்டும்?

சென்னை ரிச்சித் தெருவில் எந்தக் கடையில் நின்று சால்டரிங் அயர்ன் கேட்டாலும் கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வாங்க வந்தவர் ஒரு கணம் தயங்கினால் போதும், கடைக்காரரே முடிவு செய்துவிடுவார். 25 வாட் அயர்ன் ஒன்று, ஈயக்கம்பிச் சுருள் ஒன்று, சின்ன டப்பாவில் பேஸ்ட். சில நூறு ரூபாயில் காரியம் முடிந்தது. மாம்பலத்திலோ தாம்பரத்திலோ குடியிருப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டம் எதுவுமில்லை. சரிப்படாவிட்டால் அடுத்த சனிக்கிழமை மின்சார ரயில் ஏறி வந்து வேறு வாங்கிக்கொள்ளலாம்.

அதே பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டு அந்தமானுக்குக் கப்பல் ஏறுபவரின் நிலைமை வேறு. நடுவில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலில் மூன்று நாள் பயணம். தீவுக்காரர்கள் 'மெயின்லேண்ட்' என்று சொல்லும் இந்தப் பக்கத்திலிருந்து மாற்றுப் பிட் ஒன்று போய்ச் சேரவேண்டுமானால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) இருப்பவராவது அபர்தீன் பஜாரில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்கலாம். வடக்கே டிக்ளிப்பூரில் இருப்பவருக்கும், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவில் இருப்பவருக்கும் அந்த பஜாரே தொலைதூரம்.

எலெக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்குத் தீவுகள் ஒரு பரீட்சைக் கூடம். சென்னையில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் குறைகள் அங்கே ஒரே மழைக்காலத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். மின்சாரம் அப்படி, காற்று அப்படி.

அந்தப் பொழுதுபோக்குக்குத் தீவுகளில் என்ன மதிப்பு என்பது 2004-ல் தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில், ஹைதராபாத்திலிருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று போர்ட் பிளேரில் வந்து இறங்கியது. ஹாம் ரேடியோக்காரர்களின் உலகப் பட்டியலில் அந்தமான் ஒரு கிடைத்தற்கரிய இடம். 17 ஆண்டுகளாக அங்கிருந்து யாரும் ஹாம் ஒலிபரப்பு செய்திருக்கவில்லை. பாதுகாப்புக் காரணங்களால் அனுமதி கிடைப்பது அவ்வளவு கஷ்டம். வியு4ஆர்பிஐ என்ற அழைப்புக்குறியோடு சின்க்ளேர்ஸ் பே வியூ ஹோட்டலிலிருந்து பாரதி பேச ஆரம்பித்ததும் உலகமெங்குமிருந்து ஹாம்கள் முண்டியடித்தார்கள். சில வாரங்களில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான தொடர்புகள்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பூமி ஆடியது. பிறகு கடல் வந்தது. கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளம் நாசமானது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நாலு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. தொலைபேசிகள் செத்துவிட்டன. பாரதியின் குழு பொழுதுபோக்கை அத்தோடு நிறுத்திவிட்டு அவசரச் செய்திகளை எடுத்து அனுப்ப ஆரம்பித்தது. யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்தத் தீவுக்கு என்ன வேண்டும் என்ற செய்திகள் அந்த அலைவரிசையில் மெயின்லேண்டுக்குப் போயின. பிறகு கார் நிக்கோபாரிலும் ஒரு ஹாம் நிலையம் அமைக்கப்பட்டது.

ஹாம்கள் வைத்திருக்கும் பேசும் பெட்டி பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்ததுதான். ஆனால் அதிலிருந்து வெளியே வரும் எல்லாமே, ஆன்டெனா கம்பி, கேபிள், கனெக்டர், பேட்டரி ஒயர் உட்பட, உபயோகிப்பவர் தம் கையால் பற்றவைத்தவை. மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்று சொல்லும் வியாதி அவற்றில் ஒன்றில் இருந்தால் போதும். பார்வைக்கு ஒட்டியிருக்கும், தட்டினால் பேசும், தட்டாவிட்டால் ஊமை. சென்னையில் அது ஒரு எரிச்சல். எல்லாத் தொடர்பும் அறுந்துபோன ஒரு தீவில் அதன் அர்த்தம் வேறு.

டிரை சால்டர் ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் என்ன அயர்ன் வாங்குவது என்பதில் முக்கால்வாசி தெளிந்துவிடும். அதற்குச் சமையலறைக்குள் போகவேண்டும்.

ரசம் ஊற்றாமல் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்து, அது உருகி ஓடிய கதை தமிழ் வீடுகளில் தலைமுறைக்கு ஒன்றாவது இருக்கும். ஈயச்சொம்பு என்பது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் கொதிக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் தப்பிக்கிறது. காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். ஆனால் இரண்டையும் கலந்தால் ஒரு விந்தை நடக்கிறது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை, இரண்டையும்விடக் குறைவாக, 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் பொதுவாக 'ஈயம்' என்று சொல்லுவது இந்தக் கலவையைத்தான். கடைகளில் அதிகம் கிடைப்பது 60-40. வித்தியாசம் அற்பம் என்று தோன்றும். ஆனால் 60-40 கலவை 190-லிருந்து 183 டிகிரிக்கு இறங்கும்வரை களியாக இருக்கும். அந்த இடைவெளியில் கை அசைந்தால் டிரை சால்டர். 63-37 களிநிலைக்கே போகாமல் நேராக உறைந்துவிடும். கடற்காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் ஆன்டெனா கம்பியில் பற்றவைப்பவர் கொஞ்சம் அலைந்தாவது 63-37 வாங்கிவிடுவது நல்லது.

ஈயம் உருகுவதற்கு 183 டிகிரி போதும் என்றால் அயர்ன் முனை ஏன் 350 டிகிரி இருக்கவேண்டும்? தோசைக்கல்லைப் பார்த்தால் தெரியும். காய்ந்த கல்லில் மாவை ஊற்றியதும் சூடு இறங்குகிறது. கனமான இரும்புக் கல் இரண்டு நொடியில் சமாளித்துக்கொள்கிறது. தகடு மாதிரி இருக்கும் மெல்லிய கல் திணறுகிறது, தோசை ஒட்டிக்கொள்கிறது. அடுப்பின் தீ எவ்வளவு என்பது பாதிக் கதைதான். கல்லின் கனமும், மாவு எடுத்துக்கொண்ட சூட்டைத் தீ எவ்வளவு சீக்கிரம் திருப்பித் தருகிறது என்பதும் மீதிக் கதை. அயர்னில் வாட் என்பது தீ. பிட் என்பது கல். ஒட்டவேண்டிய செம்புதான் மாவு. செம்பும் ஈயம் உருகும் அளவுக்குச் சூடேறினால்தான் இரண்டும் கலக்கும். குளிர்ந்த செம்பின்மேல் உருகிய ஈயத்தைக் கொட்டினால் அது தாமரை இலைத் தண்ணீர்.

'எத்தனை வாட்' என்ற கேள்வி போதாமல் போவது இங்கேதான். ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், ஐ.சி. எல்லாம் மெல்லிய கால்கள். 25 வாட் தாராளம். பெரிய கேபிளின் கனெக்டர் என்றால் அந்த அயர்னால் முடியாது. ஹாம்கள் உபயோகிக்கும் பிஎல்-259 கனெக்டர் நல்ல உதாரணம். கட்டைவிரல் பருமனில் பித்தளை உருளை. கேபிளின் செம்பு வலையை அதன் உடலோடு ஒட்டவேண்டும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு ஒருவர் ஐந்து நிமிஷம் போராடுகிறார். பித்தளை மெதுவாகச் சூடேறுகிறது. ஈயம் உருகுவதற்கு முன்பே உள்ளேயிருக்கும் பாலிதீன் இளகி, நடுக்கம்பி நகர்ந்து வலையைத் தொட்டுவிடுகிறது. கேபிள் ஷார்ட். 80 அல்லது 100 வாட்டில் தடித்த பிட் உள்ள அயர்ன் இதே வேலையைச் சில நொடிகளில் முடித்துவிடும், பாலிதீனுக்குச் செய்தி போவதற்குள். பொருளைக் கருக்குவது வலுவான அயர்ன் என்றுதான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். பாதிக் கேஸ்களில் குற்றவாளி பலவீனமான அயர்ன்.

ஆகவே ஆன்டெனா வரைக்கும் கை நீட்டுகிறவருக்கு ஒரு அயர்ன் போதாது. போர்டுக்கு ஒன்று, கனத்த வேலைக்கு ஒன்று. இரண்டாவது அயர்ன் அழகாக இருக்கவேண்டிய அவசியமில்லை. பாத்திரம் ஒட்டுபவர் வைத்திருப்பது மாதிரிக் கட்டையாக இருந்தாலும் பாதகமில்லை.

இனி மின்சாரத்துக்கு வரலாம். அந்தமான் நிக்கோபார் தீவுகள் மெயின்லேண்டின் மின்தொடரோடு இணைக்கப்பட்டவை அல்ல. பெரும்பகுதி மின்சாரம் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து வருகிறது. டிக்ளிப்பூர் அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று உண்டு. நெய்வேலி நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்திருக்கிறது. இருந்தாலும் அடித்தளம் டீசல்தான். நீளமான லைனின் கடைசி வீட்டில், மாலையில் எல்லோரும் விளக்கையும் மோட்டாரையும் போடும் நேரத்தில் 230 வோல்ட் 230-ஆக இருக்காது என்பது தீவுகளுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. தஞ்சாவூர் கிராமங்களுக்கும் தெரியும். பெரும்பாலோர் பொழுதுபோக்கு வேலையைக் கையில் எடுப்பதும் அதே மாலை நேரத்தில்தான்.

அயர்ன்மேல் 25 வாட் என்று அச்சடித்திருப்பது 230 வோல்ட்டுக்கு. வோல்ட் குறைந்தால் வாட் அதே விகிதத்தில் குறையும் என்று நினைப்பது சகஜம். அதைவிட மோசமாகக் குறைகிறது. வோல்ட் பாதியானால் வாட் கால்வாசி ஆகிவிடும். 180 வோல்ட்டில் 25 வாட் அயர்ன் வெறும் 15 வாட் அயர்ன். 160-ல் 12 வாட். காலையில் நன்றாகப் பற்றவைத்த அதே ஆள், அதே ஈயம், அதே அயர்ன்; மாலையில் வரிசையாக டிரை சால்டர். கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்குப் பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. 25-க்குப் பதில் 40 வாட் அயர்ன் வாங்கி, விளக்குக்குப் போடும் டிம்மர் வழியாக இணைப்பது. மின்சாரம் சரியாக இருக்கும்போது டிம்மரைக் குறைத்து வைக்கலாம். 180-க்கு இறங்கினால் முழுதாகத் திறந்துவிடலாம். அப்போது அந்த 40 வாட் அயர்ன் ஏறக்குறைய 25 வாட் தருகிறது. டிம்மரைவிட மலிவான தந்திரம் டையோடு. 1என்4007 என்ற சின்ன டையோடை அயர்னோடு தொடராக இணைத்து, அதைத் தாண்டிச் செல்ல ஒரு ஸ்விட்ச் போட்டுவிட்டால், ஸ்விட்சைத் திறந்து வைக்கும்போது அயர்னுக்குப் பாதிச் சக்திதான் போகும். இடைவேளையில் காபி குடிக்கப் போகும் நேரத்துக்கு அது உத்தமம், பிட் கருகாது. இதெல்லாம் 230 வோல்ட் ஓடும் சமாசாரம் என்பதால் மூடிய பெட்டிக்குள் இருக்கவேண்டும். சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல.

காசு கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு இந்தத் தந்திரங்கள் எதுவும் வேண்டாம். சூட்டைத் தானே அளந்து தானே கட்டுப்படுத்தும் அயர்ன் இருக்கிறது. வோல்ட் குறைந்தால் அது அதிக நேரம் எரியும், அவ்வளவுதான். இந்த வகையில் மிகப் புத்திசாலித்தனமான ஒன்று வெல்லர் நிறுவனத்தின் மேக்னாஸ்டாட். பிட்டின் பின்புறம் ஒரு உலோகத் துண்டு. குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் அது காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை இழக்கிறது. உள்ளேயிருக்கும் காந்தம் விலகி ஸ்விட்ச் அணைகிறது. ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொண்டு எரிகிறது. ஒரு ஐ.சி. கூடக் கிடையாது. ஜப்பானின் ஹாக்கோ நிறுவனம் 936 என்ற ஸ்டேஷனை வெளியிட்ட பிறகு, எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு மேஜைக்கு மேஜை வந்துவிட்டது. அசலை நிறுவனம் நிறுத்தி வெகு காலமாயிற்று. அதன் நகல்கள் மட்டும் இன்னும் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன.

நகல் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில்: பிட்டைப் பார்த்து வாங்கலாம். 936-ன் பிட்டுகள் 900எம் என்ற குடும்பம். பல நிறுவனங்கள் அதே அளவில் செய்வதால் இன்னும் பல வருஷங்களுக்குக் கிடைக்கும். அழகான டிஜிட்டல் டிஸ்ப்ளே உள்ள, ஆனால் அந்த நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் பிட் செய்யாத ஸ்டேஷன், கடல் தாண்டி வாழ்பவருக்கு வெள்ளை யானை. புதிய டி12 வகைகளில் ஹீட்டரும் சென்சாரும் பிட்டுக்குள்ளேயே இருக்கின்றன. சில நொடிகளில் சூடேறும், சூட்டை மிகச் சீக்கிரம் ஈடுகட்டும். கெட்டால் முழுத் துண்டையும் மாற்றவேண்டும். டி12 வாங்குகிறவர் கூடவே உபரியாக இரண்டு பிட்டுகள் வாங்கிவிட்டுக் கப்பல் ஏறுவது விவேகம்.

பிட்டின் வடிவத்தில் புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் செய்யும் தப்பு, ஊசிமுனையைத் தேர்ந்தெடுப்பது. நுணுக்கமான வேலைக்கு நுனி கூராக இருக்கவேண்டும் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் ஊசிமுனை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. சூடு அந்தப் புள்ளி வழியாகத்தான் போகவேண்டும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள உளிமுனை, பட்டையாகச் சாய்த்துப் பிடித்தால் கம்பியையும் போர்டின் செம்பையும் ஒரே நேரத்தில் தழுவிக்கொள்ளும். தொண்ணூறு சதவீத வேலைக்கு அது ஒன்றே போதும்.

இன்னொரு சிக்கல் புதிது. ஐரோப்பியக் கூட்டமைப்பு 2006 ஜூலையிலிருந்து காரீயத்துக்குத் தடை போட்டதன் விளைவாக, கடையில் வாங்கும் பெரும்பாலான சாமான்கள் காரீயம் இல்லாத ஈயத்தால் பற்றவைக்கப்படுகின்றன. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். ரேடியோவைத் திறந்து பழைய இணைப்பை எடுக்க முயலும்போது 25 வாட் அயர்ன் ஏன் திணறுகிறது என்பதற்குக் காரணம் பல சமயம் இதுதான். கொஞ்சம் பழைய பாணி 63-37 ஈயத்தை அதன்மேல் உருக்கிச் சேர்த்தால் கலவையின் உருகுநிலை இறங்கி, பிடிவாதம் தளர்ந்துவிடும். காரீயம் விஷம் என்பது உண்மை. அயர்ன் சூட்டில் அது ஆவியாவதில்லை. எழும் புகை ரோசின் புகை. அதுவும் மூச்சுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக. வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் முறுக்கு எடுத்துத் தின்னக்கூடாது.

காற்றைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். சென்னையில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. போர்ட் பிளேரில் அதைப்போல இரு மடங்கு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் அங்கே தாராளமாகப் பெய்கிறது. நடுவில் வெயில் அடிக்கும் நாட்களிலும் காற்றில் உப்பும் ஈரமும் குறைவதில்லை. இந்தக் காற்றில் ரிச்சித் தெருப் பொட்டலத்தின் மிக ஆபத்தான பொருள் அந்தச் சின்ன டப்பா பேஸ்ட்தான்.

தெருவில் 'ஈயம் பூசறது' என்று கூவிக்கொண்டு வருபவர் பித்தளைப் பாத்திரத்தின் களிம்பைப் போக்க நவச்சாரம் தேய்ப்பார். காய்ந்ததும் பாத்திரத்தைக் கழுவிவிடுவார்கள், தொல்லையில்லை. தகர வேலைக்கென்று விற்கும் பல பேஸ்ட்டுகளில் இதே ஜாதியைச் சேர்ந்த உப்புகள், துத்தநாக குளோரைடு போன்றவை, கலந்திருக்கின்றன. ரேடியோவின் உள்ளே அவற்றைக் கழுவ முடியாது. இணைப்பின் அடியில் தங்கிவிட்ட பேஸ்ட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, செம்பை உள்ளிருந்தே தின்ன ஆரம்பிக்கும். வெளியில் பச்சையாகக் களிம்பு தெரியும்போது உள்ளே கம்பி அறுந்திருக்கும். மதுரையில் மூன்று வருஷம் எடுத்துக்கொள்ளும் இந்த அழிவு கடலோரத்தில் அவ்வளவு பொறுமை காட்டாது. எலெக்ட்ரானிக்ஸுக்குத் தேவையானது பைன் மரப் பிசினிலிருந்து வரும் ரோசின் மட்டும்தான். நல்ல ஈயக்கம்பியின் நடுவில் அது ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கிறது. தனியாக வேண்டுமானால் ரோசின் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கவேண்டும். வெட்டவெளியில் இருக்கும் இணைப்புக்கு, பற்றவைத்த பிறகு தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்றுவது அவசியம்.

ஈரம் அயர்னையும் விட்டுவைப்பதில்லை. மலிவான அயர்ன்களில் ஹீட்டர் கம்பி மைக்காத் தகட்டின்மேல் சுற்றப்பட்டிருக்கிறது. பல வாரம் சும்மா கிடந்து ஈரம் ஏறிய அயர்னைச் செருகினால், சூடேறிக் காயும்வரை மின்சாரம் பிட்டுக்குக் கசியக்கூடும். பிட்டில் டெஸ்டரை வைத்தால் விளக்கு மினுக்கும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது அடி. மாஸ்ஃபெட் போன்ற நாசூக்கான பாகங்களுக்கு அது மரணம். இரண்டு பின் உள்ள அயர்னையும் மூன்று பின் உள்ள அயர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்துக்கு ஒன்பது பேர் விலை குறைந்த இரண்டு பின்னை எடுக்கிறார்கள். மூன்றாவது பின், கசியும் மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பிவிடும். அதற்கு வீட்டுச் சுவரில் இருக்கும் எர்த் வெறும் அலங்காரமாக இல்லாமல் இருக்கவேண்டும். 24 வோல்ட் ஹீட்டரும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள ஸ்டேஷன்கள் இந்த விஷயத்திலும் நிம்மதி.

மின்சாரமே இல்லாதபோது? 2004-ல் நடந்ததை நினைத்தால் இது வெட்டிக் கேள்வி அல்ல. ஹாம் பெட்டிகள் பெரும்பாலும் கார் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடும்படி செய்யப்பட்டவை. அயர்னும் அதிலேயே ஓடினால் சௌகரியம். சில வருஷங்களாக வந்திருக்கும் பேனா மாதிரியான டிஎஸ்100 போன்ற அயர்ன்கள் 12-லிருந்து 24 வோல்ட் வரை ஏற்றுக்கொள்கின்றன. பைன்சில் என்ற இன்னொன்று செல்போன் சார்ஜர் வகையிலேயே ஓடுகிறது. ஆனால் மேலே சொன்ன கணக்கு இங்கேயும் விடுவதில்லை. டிஎஸ்100-க்கு 24 வோல்ட்டில் 65 வாட். 12 வோல்ட்டில் வெறும் 17 வாட். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண். 12 வோல்ட் பேட்டரியை நம்பி வாங்குபவர் இரண்டாவது எண்ணைத் தேடிப் பார்க்கவேண்டும். போர்டில் அறுந்த ஒரு கால், பேட்டரி ஒயர் நுனி, இவற்றுக்கு 17 வாட் போதும். பிஎல்-259-க்குப் போதாது. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். நிலைமை அடியோடு மாறிவிடும். ஆனால் முழுதாகச் சார்ஜ் ஆன இரண்டு கார் பேட்டரிகள் சேர்ந்து 25 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், அயர்னின் உச்ச வரம்பைப் பார்த்துக்கொள்ளாமல் இணைப்பது கூடாது.

பியூட்டேன் வாயுவில் எரியும் அயர்ன்களும் இருக்கின்றன. மரக்கிளையில் கட்டிய ஆன்டெனாவுக்கு எக்ஸ்டென்ஷன் ஒயரை மழையில் இழுத்துக்கொண்டு போவதற்கு அது எவ்வளவோ மேல். காற்றடித்தால் பொறுமை வேண்டும். வாயு டப்பாவை விமானத்தில் கொண்டுபோக அனுமதியில்லை என்பதால் உள்ளூரில் கிடைக்குமா என்று விசாரித்த பிறகுதான் அயர்னையே வாங்கவேண்டும்.

இங்கே ஒரு இடைக்குறிப்பு. அயர்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதை வைத்துச் செய்த டிரான்ஸ்மிட்டரைப் பேசவைக்க வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்து, 12 வயது நிரம்பியவர்களுக்கு அமெச்சூர் லைசென்ஸ் தருகிறது. அந்தமானில் போய் ஒலிபரப்ப விரும்பும் வெளியூர்க்காரருக்குத் தனி அனுமதியும் தேவை. 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் ஹாம்களின் மாநாடு நடந்தபோது பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் அப்படி அனுமதி பெற்றுத்தான் பேசினார்கள். சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு இணையம் வேகமாகிவிட்டது. பத்து மீட்டர் கம்பியும் ஒரு பேட்டரியும் வைத்து மெயின்லேண்டோடு பேசுவதில் இருக்கும் ருசி அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

வாங்கிய அயர்ன் எவ்வளவு நாள் உழைக்கும் என்பது பிட்டை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண செம்பு பிட்டை உருகிய வெள்ளீயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குழி போடும். அரத்தால் ராவிச் சமன்செய்து, உடனே ஈயம் பூசிவிட்டால் புதுசு மாதிரி. இரும்பு முலாம் பூசிய பிட்டை இப்படி ராவினால் முலாம் போய்விடும், அதோடு பிட்டின் ஆயுளும். இரண்டில் எது கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அரத்தை எடுப்பவர்கள்தான் ரிச்சித் தெருவின் நிரந்தர வாடிக்கையாளர்கள். துடைக்கும் பஞ்சை நனைக்க மழைத்தண்ணீர் உத்தமம். உப்புக் கலந்த கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அயர்னை அணைக்கும் முன் முனையில் தாராளமாக ஈயத்தை உருக்கி, துடைக்காமல் அப்படியே ஆறவிடவேண்டும். உப்புக்காற்று முதலில் அந்த ஈயத்தோடு மல்லுக்கட்டட்டும். ஆறிய பிறகு, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பாவில் அயர்னை வைத்துவிடலாம். உபரி பிட்டுகளும் ஈயச் சுருளும் அதே டப்பாவில் இருக்கட்டும்.